செரிக்காதது

ஏற்காட்டுப் பேருந்தில்
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
ஒரு பையன் வாந்தியெடுத்தான்.
காலையில் தின்ற தட்டுவடை செட்
பீட்ரூட் நிறம் மாறாமல்
ஜன்னல் கம்பியில் வழிந்தது.
யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள்.
நான் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டேன்.
அருவருப்பு இல்லை.
செரிக்காமல் போவதன் பெருமை தெரிந்தவன் நான்.

ஏரியில், படகுத்துறைக்கு எட்டத்தில்,
இலை அழுகும் ஓரமாய்ப் பார்த்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் மொண்டேன்,
கையுறை போட்டுத்தான்.
"மீனுங்களா சார்?" என்றார் சோளம் சுடுகிறவர்.
"அதைவிடச் சின்னது."
"அதைவிடச் சின்னதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"
ஐந்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை. கல்லூரியில் எவரும் இல்லை.
விலங்கியல் ஆய்வகத்து மேற்கு ஜன்னலில்
வெள்ளைக்கல் சுரங்க மேடுகள் சிவந்துகொண்டிருந்தன.
ஒரு துளி. கண்ணாடித் தகடு. நானூறு மடங்கு.

செருப்புத் தடம் போல ஒன்று
மயிரெல்லாம் துடுப்பாக நீந்தி வந்தது.
உள்ளே பச்சை மணிகள்,
எண்ணினால் இருநூறு தேறும்.
எல்லாமே இரையாக உள்ளே போனவை.
பாதிக்கு மேல் செரித்தும் போயின.
சில மட்டும், ஏனோ, நழுவி
சுவரோரம் ஒதுங்கி
வெயில் கிடைத்தால் சர்க்கரை சமைக்கின்றன.
விழுங்கியவன் அவற்றை
வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.
இருபத்தோரு வருஷம் இதைப்
பரஸ்பர நன்மை என்று கரும்பலகையில் எழுதினேன்.
இப்போது கொஞ்சம் சந்தேகம்.

இருநூறு கோடி வருஷத்துக்கு முன்,
சேர்வராயன் பாறை அப்போதே கிழடு,
எங்கோ ஒரு நீரில்
ஒன்று இன்னொன்றை விழுங்கியது.
பசியா, விபத்தா,
உள்ளே போனதுதான் வலியப் புகுந்ததா,
பார்த்தவர் இல்லை.
செரிக்கவில்லை. அவ்வளவுதான் சேதி.
அந்த அஜீரணத்தின் வாரிசுகள்தாம்
காட்டெருமையும் காப்பிச் செடியும்
காப்பியைக் குடையும் காய்த்துளைப்பான் வண்டும்
பேருந்தில் வாந்தியெடுத்த பையனும்.

உள்ளே தங்கியது
மூச்சை நெருப்பாக்கித் தந்தது.
தந்ததோடு நிற்கவில்லை.
தன் ஏடுகளையும் ஒவ்வொன்றாய்
நடுவீட்டுக்கு எழுதிக் கொடுத்தது,
ஆயிரக்கணக்கில் இருந்ததில்
முப்பத்தேழை மட்டும்
முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு.

விடுதலைப் பத்திரம் என்று
அதற்கு எங்கள் ஊரில் பெயர்.
மின்விசிறி ஓடாத ஒரு மதியம்
சார்பதிவாளர் அலுவலகத்தில்
சௌடேஸ்வரி அக்கா கையெழுத்துப் போட்டாள்,
அம்மாபேட்டை வீட்டில் தனக்குப் பாத்தியதை இல்லையென்று.
மஞ்சளுக்கென்று ஐயாயிரம் கொடுத்தோம்.
எண்ணாமல் பையில் போட்டாள்.
ஆறு வருஷம் என்னோடு பேசவில்லை.
ஏழாம் வருஷம் என் இரண்டும் செத்தபோது
பேசாமலே வந்து
பக்கத்து மேஜையில் படுத்தாள்.

இப்போது வலது இடுப்புப் பள்ளத்தில்
அவளுடையது ஒன்று
இரவெல்லாம் என் ரத்தத்தைச் சலிக்கிறது.
என் உடம்பு அதைத் தின்னப் பார்க்கிறது.
காலை ஒன்பது, இரவு ஒன்பது
மாத்திரை போட்டு அதன் வாயைக் கட்டுகிறேன்.
நன்றிகெட்ட உடம்பு; குடும்ப வழக்கம்.

ஆனால் அவள் கொடுத்ததற்குள் எரிகிற
அந்தப் பழைய விருந்தாளியும்
என்னுடையதில் எரிகிறதும்
ஒரே அம்மா வழி வந்தவை,
எழுத்துப் பிசகாமல்.
எல்லை காக்கும் வெள்ளையணுக்களுக்கு அது தெரியாது.
அது பாட்டுக்கு எரிகிறது
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

கைப்பேசியை லென்சில் வைத்து
பச்சை வயிற்றுக்காரனைப் படமெடுத்து
அக்காவுக்கு அனுப்பினேன்.
எதுவும் எழுதவில்லை.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
துளி ஓரத்திலிருந்து உலரத் தொடங்கியது;
இன்னொரு சொட்டு விட்டேன்.
தட்டச்சு செய்கிறார் என்று வந்து,
மறைந்து, மறுபடி வந்தது.

கிரியாட்டினின் எவ்வளவு?

ஒன்று புள்ளி மூன்று என்று அடித்தேன்.
அதற்குப் பதில் இல்லை.
மணி எட்டேகால்.
பாட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி வைத்து
கதவைப் பூட்டினேன்.
ஒன்பதுக்குள் வீடு போக வேண்டும்.